சுள்ளியூர் மெம்பர்களின் பெஞ்சு

கூக்காலுக்கு மேற்கே நாற்பத்தோரு வீடுகள் கொண்ட சுள்ளியூரில், 1960-ஆம் வருடத் தேர்தலில் ஏழு பேர் பஞ்சாயத்து மெம்பர்களாக ஜெயித்தார்கள். முதல் கூட்டத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடுதலாக வந்த இருவரும் சலவை வேட்டி கட்டியிருந்தார்கள், தீர்மானங்களை ஆமோதித்தார்கள், டீ குடித்தார்கள். எந்த வீட்டு ஆட்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டவரை எழுந்திரு என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. அடுத்த மாதம் பதினான்கு பேர் ஆனார்கள். ஓடைக்குப் பாலம் போட பெருமாள்மலையிலிருந்து பொதிக்குதிரைகளில் வந்த பலகைகளை அறுத்து பெஞ்சை நீட்டினார்கள். மறுவருடமும் பலகை வந்தது, மெம்பர்களும் வந்தார்கள். வீட்டு வரி இரண்டு தடவை ஏறியது. பெஞ்சு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலைத் தாண்டி, உருளைக்கிழங்குத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கமாகச் சரிவில் இறங்கியது.

பதினைந்து வயது நாச்சியம்மாளின் அக்கா சின்னத்தாய் ஓடைக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டு நிறைமாதமாக இருந்தாள். மருத்துவச்சி இக்கரையில் இருந்தாள். முந்தின ஐப்பசியில் ஒருத்தியை வயிற்றுப் பிள்ளையோடு ஓடை கொண்டுபோனதிலிருந்து, மழைச் சத்தம் கேட்டாலே நாச்சியம்மாள் கரைக்கு ஓடித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். தலைவர் ஒச்சனிடம் ஆறு தடவை போய்க் கேட்டுவிட்டாள்.

"பாலத்துக்கு எல்லா மெம்பரும் கையெழுத்துப் போடணும்ல தாயி," என்றார் அவர். "கடைசி ஆளுகிட்ட வாங்கி முடிக்கையில இன்னும் அஞ்சு பேரு உக்காந்திருக்காக."

"உங்கள உக்கார வச்சது நாங்க, மாமா. அவுகள யாரு வச்சா?"

ஒச்சன் டீக்குச் சொல்லி அனுப்பினார்.

1963 ஐப்பசியில் சின்னத்தாய்க்கு வலி எடுத்தபோது ஓடை இரு கரையையும் அரித்துக்கொண்டு போனது. துணைக்கு இருந்த நாச்சியம்மாள் அவளைக் கைத்தாங்கலாக ஓடைக்கரைக்குக் கூட்டிவந்து பார்த்தாள். இக்கரையில் இடம் தீர்ந்துபோனதால் அன்று வந்த பலகையைப் பெஞ்சோடு சேர்த்து ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதில் பத்தொன்பது மெம்பர்கள் குடை பிடித்து உட்கார்ந்து, தெருவிளக்குக் கண்ணாடி பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் காலை மடக்கிக்கிருங்க," என்று நாச்சியம்மாள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பேச்சை நிறுத்தாமலே அவர்கள் காலை மடக்கினார்கள். சின்னத்தாயின் கையைப் பிடித்து அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். மருத்துவச்சி வீட்டில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

பாலம் கட்டி முடிந்ததாக அன்றே பதிவேட்டில் எழுதினார்கள். மெம்பர்கள் எழுந்தால் பலகையை ஓடை இழுத்துவிடும் என்பதால் அந்தக் கூட்டத்தை முடிக்கவில்லை. வரி மூன்றாவது தடவையாக ஏறியது. அக்கரைக்காரர்கள்தான் முதலில் கட்டினார்கள். மழைக்காலங்களில் டீயும் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.