சத்தம் போடாத பள்ளிக்கூடம்

கோலாலம்பூரில், புடு பக்கத்து அந்தப் பழைய அடுக்குமாடியின் நாலாவது மாடியில் ஒரு பள்ளிக்கூடம் நடப்பது யாருக்கும் தெரியக்கூடாது. வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். அதனால் ஆசிரியை பார் தியாலின் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத்தான் மாடியேறினார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கும் பேசினில் போட்டார்கள். வாய்ப்பாட்டைக்கூட உதடு மட்டும் அசைய ஒப்பித்தார்கள். எல்லாம் பர்மாவின் சின் மலைகளிலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். இங்கே அரசுப் பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. இதை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை.

தியாலுக்கு அலுத்துப்போயிருந்தது. பின்னே அலுக்காதா? இது மூன்றாவது வீடு. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் நாலைந்து பிள்ளைகள் வராமலே நின்றுவிடும். பையன் கட்டட வேலைக்கு, பெண் சாப்பாட்டுக் கடைக்கு. போனது போனதுதான். இன்னொரு தடவை மூட்டை கட்ட அவள் உடம்பில் தெம்பில்லை.

இந்த லட்சணத்தில்தான் சுய் மென்னை வேறு சேர்க்கப் பாடுபட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண், சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் அவளுடைய அப்பா வான் லியானை மடக்கி மடக்கிப் பேசினாள். அவர் அவளைப் பர்மிய வழக்கப்படி 'சயாமா', அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவார்.

"படிச்சு என்ன ஆகப்போகுது சயாமா? இந்த ஊர்ல டாக்டராக்கிடுவாங்களா?"

"டாக்டராக வேணாம் அண்ணே. கிளினிக்ல குடுக்கிற சீட்டைத் தூக்கிட்டு நீங்க ஊரெல்லாம் அலையாம, வீட்லயே ஒருத்தி படிச்சுச் சொல்லட்டும்."

கடைசியில் அவர் இறங்கிவந்தார். "சரி, அனுப்புறேன். ஆனா ஏதாச்சும் வம்புன்னா அன்னிக்கே கடைக்குத் திருப்பிடுவேன்."

அந்தத் திங்கட்கிழமை வந்தும்விட்டார். மகளைப் பள்ளியில் விடும்போது ஜெபம் பண்ண வேண்டும் என்று தேவாலயத்துப் பெரியவர்கள் மூன்று பேரையும் கூட்டிவந்திருந்தார். தியால் உள்ளறையில் ஒரு பொடிசின் அழுகையை அமர்த்திக்கொண்டிருந்தாள். இருவராக வரணும், படியில் பேசக்கூடாது என்றெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தாள். செருப்பு விஷயத்தை மட்டும் சொல்ல மறந்திருந்தாள்.

வான் லியான் பேசினைப் பார்த்துத் திடுக்கிட்டார். வீட்டுக்குள் செருப்பா? அதுவும் துணி துவைக்கிற பேசினிலா? சின் வீட்டில் நடக்கிற காரியமா இது!

"பாவம், சயாமாவுக்கு வேலை தலைக்கு மேல. இதையாவது நாம செய்வோம், பிடிங்க," என்றார் பெரியவர்களிடம்.

நால்வரும் சேர்ந்து அத்தனை செருப்பையும் வெளியே கொண்டுபோய், சின்னது முன்னால் பெரியது பின்னால் என்று நடையில் அழகாக வரிசை கட்டிவிட்டார்கள்.

ஜெபம் முடிந்து பெரியவர்கள் விடைபெற்ற சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அடுக்குமாடிக் குழுவின் செயலாளர் யாப்.

"என்ன லா இது, செருப்புக் கடை திறந்துட்டீங்களா?"

தியால் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நடை நெடுக செருப்பு வரிசை.

"பிறந்தநாள் சார்... பிள்ளைங்க விளையாட வந்திருக்காங்க..."

யாப் உள்ளே பார்த்தார். பலகை நிறைய ஏழாம் வாய்ப்பாடு.

"யாருக்கும்மா, பலகைக்கா பிறந்தநாள்?" என்றார் சலிப்பாக. "போலீஸ் வந்தா என் தலைதான் உருளும். ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

கெட்ட மனுஷர் இல்லை. போகும்போது ஒரு செருப்பையும் மிதிக்காமல் சுவரோரமாகத்தான் போனார்.

வான் லியான் முகம் வெளிறி நின்றார். "நான்தான்... மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

"தெரியும் அண்ணே."

கத்தித் தீர்க்கலாம் போல ஆத்திரம் வந்தது. யாரைப் பார்த்துக் கத்த? சொல்ல மறந்தது அவள்.

"எங்களால இத்தனை பிள்ளைங்க படிப்பும் போச்சே," என்றார் அவர். "சுய் மென், எந்திரி. கடைக்கே போயிடலாம்." மகளின் செருப்பை எடுக்க வெளியே போனார்.

தியால் தடுத்திருக்க வேண்டும். போகட்டும், ஒரு பிள்ளையாவது குறையட்டும் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. சீ என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

சுய் மென் எழுந்திருக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பலகையையே பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. வந்த முதல் மணி நேரத்திலேயே இதைத்தான் கற்றிருக்கிறாள், ஊமையாக ஒப்பிக்க. தியாலுக்குத் தாங்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா."

பெண் மிரண்டு கதவைப் பார்த்தாள்.

"இனி மறைக்க என்ன இருக்கு? எல்லாரும் சொல்லுங்க. நல்லா, வாய் விட்டு!"

முதலில் ஒரு குரல், அப்புறம் நாலு, அப்புறம் எல்லாம். ஏழாம் வாய்ப்பாடு சுவரில் மோதி, நடையில் இறங்கி, மாடிப்படியெல்லாம் ஓடியது. சுய் மென்னின் குரல் கரகரத்து, எல்லோருக்கும் ஒரு எண் பிந்தி வந்தது.

வான் லியான் மகளின் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டு தொடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து, அந்தச் செருப்பைப் பேசினில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாமான் தூக்க எத்தனை பேர் வேணும் சயாமா?" என்று கேட்டார்.