தாய்மாமன் மடி

சாமி கும்பிடப் போற பாதையில ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு, "காசை எடு, அப்புறம் கும்பிடு"ன்னு ஒருத்தன் உட்கார்ந்துட்டா, அந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல?

பாபநாசத்துக்கு மேல, காட்டுக்குள்ள, உச்சிக்காட்டு அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குச் சுத்துப்பட்டுச் சனம் பூரா வண்டி கட்டிப் போய், ஓலைக்குடில் போட்டு, ஆத்தங்கரையில அடுப்பு மூட்டித் தங்கி, நேத்திக்கடன் கழிச்சிட்டு வரும். அது கவர்மெண்டு காடுன்னு ஆனபிறகு தலைக்குக் காலணா கேட்டாங்க. போகட்டும்னு சனம் கொடுத்தது. பிறகு அந்த வசூலை ஏலத்துல விட்டாங்க. எடுத்தவன் அரையணா ஆக்கினான். அடுத்தவன் ஓரணா. டில்லியில புது ராசா பட்டம் சூட்டின மறுவருசம் ஏலம் எடுத்தவரு இருக்காரே, அவரு எல்லாருக்கும் அப்பன். தலைக்கு ரெண்டணா. குடிலுக்குத் தனி. அடுப்புக்குத் தனி. தங்குத ஒவ்வொரு ராத்திரிக்கும் தனி. காத்துக்கு மட்டும் விலை போடலை, மறந்துட்டாரு போல.

அந்தப் புண்ணியவான் வேற யாருமில்லை, ஞானம்பாளோட கூடப்பிறந்த அண்ணன் சிவசண்முகம் பிள்ளைதான்.

அம்பாசமுத்திரத்துல வாழ்க்கைப்பட்டிருந்த ஞானம்பாளுக்கு அண்ணன் ஏலம் எடுத்தது தெரியும், இந்த வயித்தெரிச்சல் எதுவும் தெரியாது. அவ முந்தி ரெண்டு பிள்ளைகளைத் தொட்டில்லயே பறிகொடுத்தவ. அடுத்தது வயித்துல இருக்கையில, "அய்யனே, இது நிலைச்சா உன் சந்நிதியில முதமுடி இறக்குதேன்"னு வேண்டிக்கிட்டா. பிள்ளை நிலைச்சுது. பாபநாசம்னு பேரு வச்சா. தோளைத் தொடுத முடியோட அவன் வீடெல்லாம் ஓடித் திரிஞ்சாலும், அந்த முடி இறங்குத வரைக்கும் அவளுக்கு உசிரு கையில இல்லை. பிள்ளைக்கு லேசா உடம்பு சுட்டாலே போதும், விடிய விடிய உட்கார்ந்திருப்பா.

முதமுடின்னா தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் இறக்கணும். மாமன் மடி இல்லாம இறக்கினா அது வெறும் சவரம். இதுக்குச் சாஸ்திரம் பாக்க வேண்டாம், நம்ம பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அமாவாசைக்கு முந்தின நாள் அவ வண்டி வசூல் சாவடிக்கு வந்ததும், காவல்காரங்க மூங்கிலைத் தூக்கிக் கும்பிடு போட்டாங்க. காசு கேட்கலை. அண்ணனுக்கு எவ்வளவு மரியாதைன்னு ஞானம்பாளுக்குப் பெருமை பிடிபடலை. வண்டிக்குப் பின்னால நின்ன கூட்டத்தை அவ திரும்பிக்கூடப் பாக்கலை.

விடிஞ்சு ஆத்துக்குக் குளிக்கப் போனா, பாறையில ஒருத்தி பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அந்தப் பிள்ளைக்கும் இறக்காத முடி.

"என்னம்மா, நீயும் முடி இறக்கத்தான் வந்தியா?"

"ஆமா ஆச்சி. எங்க இறக்க? பிள்ளையோட மாமன் வெளியே நிக்கான்."

அவ பேரு இசக்கியம்மா. மணிமுத்தாத்துப் பக்கத்துல கூலிவேலை. அண்ணன் பூதத்தானும் அவளும் போன வருசத்துக் கணக்கைப் பார்த்துக் காசு முடிஞ்சுட்டு வந்திருக்காங்க. சாவடியில கட்டணம் தலைக்கு ரெண்டணான்னு ஏறிக் கிடக்கு. ரெண்டு பேருக்கும் தங்குத காசுக்கும் பத்தலை. "நீ பிள்ளையைக் கொண்டு உள்ள போ, நான் கெஞ்சிப் பார்த்துட்டு வாறேன்"னு பூதத்தான் தங்கச்சியை அனுப்பிட்டு அங்கனயே நின்னுட்டான்.

"கெஞ்சினதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஏலக்காரரு காலணா குறைக்க மாட்டாராம் ஆச்சி. எங்க அண்ணனைப் போல இன்னும் எத்தனையோ பேரு நிக்காங்க. நல்லா இருப்பாரா அந்த மனுசன்? அவரு வீட்டுல பிள்ளை குட்டி இல்லையா?"

ஞானம்பாள் பாபநாசத்தை இறுக்கி அணைச்சுக்கிட்டா. அந்த மனுசன் வீட்டுப் பிள்ளை தன் இடுப்புலதான் இருக்குன்னு எந்த வாயால சொல்லுவா? அமாவாசையும் அதுவுமா, ஒரு தாய் விட்ட சாபம் அவ பிள்ளை தலைக்கு மேல வந்து நின்னுது. ஈரச் சேலையோட விறுவிறுன்னு கோயிலுக்கு நடந்தா.

அங்கன சிவசண்முகம் பிள்ளை பட்டுவேட்டியோட சம்மணம் போட்டு மடியை விரிச்சு உட்கார்ந்திருந்தாரு. முடி இறக்குத மருதையா கத்தியைத் தீட்டிக்கிட்டிருந்தாரு. புருசன் குற்றாலலிங்கம் தாம்பாளத்தோட நின்னாரு.

"வாட்டி ஞானம். நேரமாகுது, பிள்ளையைக் கொடு."

"கொடுக்கேன் அண்ணாச்சி. அதுக்கு முந்தி வெளியே நிக்குத மாமன்மாரை உள்ள விடச் சொல்லுங்க."

"எந்த மாமன்மாரை?"

"உங்க ரெண்டணா இல்லாம நிக்காங்களே, அவுகளை. பிள்ளைக உள்ள கிடக்கு, மாமன் வெளியே நிக்கான். இப்படி ஒரு கூத்து எந்த ஊர்லயாவது உண்டா?"

சிவசண்முகம் சிரிச்சாரு. "ஏட்டி, நான் சர்க்காருக்குப் பணம் கட்டி எடுத்த குத்தகை இது. ஊருக்கெல்லாம் இரக்கப்பட்டா நான் துண்டை விரிக்க வேண்டியதுதான். உன்கிட்ட நான் காசு கேட்டேனா?"

"அதான் எரியுது. கேட்டிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

"மச்சான் மனசு நோகப்பிடாது, பேசாம இரு"ன்னு குற்றாலலிங்கம் பைய அவ கையைத் தொட்டாரு.

"நீங்க சும்மா இருங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த மூங்கிலைத் தூக்கட்டும். தூக்கினாத்தான் என் பிள்ளை அந்த மடியில உட்காரும்."

சிவசண்முகத்துக்கு மூக்கு சிவந்துட்டு. சனம் வேற சுத்தி நின்னு வேடிக்கை பார்க்குது.

"உட்கார வைக்காட்டிப் போ. எனக்கென்ன? நேத்திக்கடன் உன்னுது. முந்தி ரெண்டு போச்சு, இதுவும் போனா என்னைச் சொல்லாதே."

கூடப்பிறந்தவன் வாயில வாற பேச்சா அது? மருதையா கத்தியைக் கீழ வச்சுட்டாரு. ஞானம்பாள் அழலை. அவளுக்குக் காலுலேருந்து உச்சி வரைக்கும் தீயா எரிஞ்சுது.

"மருதையா, கத்தியை எடுத்துக்கிட்டு வாரும்"னா. பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, வழியில இசக்கியம்மாவையும் கூட்டிக்கிட்டு, சாவடியைப் பார்த்து நடந்தா. குற்றாலலிங்கம் மச்சானை ஒரு தரம் பார்த்தாரு, அப்புறம் பொஞ்சாதிக்குப் பின்னால ஓடினாரு.

வெளியே வெயில்ல கூட்டம் நின்னுது. பூதத்தான் தங்கச்சியைப் பார்த்துட்டு ஓடி வந்தான்.

ஞானம்பாள் மூங்கிலுக்கு அடியில குனிஞ்சு வெளியே வந்தா. "உட்காருடா பூதத்தான். மருமகன் முடி இங்கனயே இறங்கட்டும்."

"கோயில் அங்கன இருக்கு ஆச்சி!"

"கோயில் அங்கன இருக்கும். அய்யனாரு ராத்திரியில குதிரையேறிக் காடு, வயக்காடு எல்லாம் சுத்துத சாமி. இந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் அவருக்கு வேலையா? அவரு என்ன, ஏலம் எடுத்தா வந்தாரு?"

கூட்டத்துல ஒருத்தன் "அதானே!"ன்னான். பூதத்தான் துண்டை விரிச்சு உட்கார்ந்தான். இசக்கியம்மா பிள்ளையை அவன் மடியில வச்சா. மருதையா தண்ணியைத் தொட்டுக் கத்தியை வச்சாரு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. சாலையோரமா கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாங்க, அதுக்குக் காசு கேட்க அங்கன ஆளில்லை. உள்ள இருந்த சனமும் சட்டிபானையோட வெளியே வர ஆரம்பிச்சுது.

அந்தப் பிள்ளை எழும்பினதும் ஞானம்பாள் பாபநாசத்தைத் தூக்கிக்கிட்டு பூதத்தான் முன்னால நின்னா.

அவன் பதறிப்போயிட்டான். "ஆச்சி, வேண்டாம். பிள்ளைவாள் வீட்டுப் பிள்ளையை நான் மடியில வச்சா என்னைத் தொலைச்சுப்போடுவாங்க."

"அவன் மாமன் உள்ள நிழல்ல உட்கார்ந்து, பிள்ளை செத்தா என்னைச் சொல்லாதேன்னு சொல்லிட்டான். நீ உன் தங்கச்சி பிள்ளைக்காக விடிய விடிய வெளியே நின்னிருக்கே. எந்த மடி பிள்ளைக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

குற்றாலலிங்கம் முகம் வெளிறி நின்னாரு. சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க, ஊரு என்ன சொல்லும்னு எல்லாம் அவரு கண்ணுல ஓடுச்சு. ஞானம்பாளுக்கும் பயம்தான். அவரு தாம்பாளத்தைப் பைய இறக்கி பூதத்தான் பக்கத்துல வச்சாரு. "வச்சுக்கோப்பா. பிள்ளை துள்ளுவான், கெட்டியாப் பிடி"ன்னாரு.

கத்தி ஓடும்போதுதான் சிவசண்முகம் மேல்மூச்சு வாங்க சாவடிக்கு வந்து சேர்ந்தாரு. "ஏட்டி ஞானம், நிறுத்து! நான் இருக்கையில எவன் மடியிலட்டி வச்சிருக்கே?" யாரும் திரும்பலை. பாபநாசத்தோட முதமுடி பூதத்தான் துண்டுல விழுந்துது. சிவசண்முகம் மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு உள்ளேயே நின்னாரு. அதைத் தூக்கச் சொல்லி அவரு காவல்காரன்கிட்டச் சொல்லலை. வெளியே நின்னவங்கள்ல இப்ப ஒருத்தரும் அதைக் கேட்கவும் இல்லை.