மில்லு கடித்த வெங்கடம்மா

மூக்கண்டப்பள்ளிக்குக் கரண்டு வந்த புதிதில் திம்மராயன் ஒரு ராகி மில் வைத்தான். வைத்தது அவன், நின்று அரைத்து இடுப்பொடிந்தது அவன் பெண்டாட்டி வெங்கடம்மா. டயர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்து முதலாளியாக இருப்பது மட்டும்தான் அவன் வேலை.

வயர்மேன் பெருமாள் மில்லுக்குப் பின்னால் குழி வெட்டினான். கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் நட்டு, மிஷினிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதில் கட்டினான். "மிஷின்ல கரண்டு கசிஞ்சா ஆளப் புடிக்காம இது வழியா மண்ணுக்குப் போயிரும். இதான் எர்த்து. அப்பறம், கரண்டுகிட்ட தண்ணி கிண்ணி அண்டவிடாதீங்க" என்றான். அவன் தண்ணீர் ஆகாது என்றது சுவிட்சுப் பெட்டிக்கு. திம்மராயன் எடுத்துக்கொண்டது குழிக்கு. அன்றைக்கே குழியைக் கல்பலகையால் மூடி, மேலே கீற்றுக் கொட்டகையும் போட்டு, ஒரு சொட்டு மழை இறங்காமல் கண்ணும் கருத்துமாகக் காத்தான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் காக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் உகாதி இல்லை. பெங்களூரில் சித்தப்பா ஒருவர் செத்துப்போய்விட்டார் என்று திம்மராயன் போய்விட்டு வந்தான், தீட்டு. ஊரெல்லாம் பண்டிகைப் போளியான ஒப்பட்டு மணக்க, வெங்கடம்மா வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு வெயில் ஏறியதும் மில்லு கடிக்க ஆரம்பித்தது.

முதலில் கடிபட்டவள் அரைக்க வந்த முனிலட்சுமி. ராகி கொட்டும் தகரத் தொட்டியில் கை வைத்தவள், "அய்யய்யோ! அண்ணா, உன் மில்லு கடிக்குது!" என்று கூடையைப் போட்டுவிட்டுத் துள்ளினாள்.

மில்லைக் குறை சொன்னால் திம்மராயனுக்குப் பொறுக்குமா? தொட்டியைத் தானே தட்டிக் காட்டினான். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா? மனசுல கள்ளம் இருக்கறவங்களத்தான் கடிக்கும். என்னெ ஏன் கடிக்கல?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. யார் கடிபடுகிறார்கள் என்று பார்க்கவே கூட்டம் கூடியது. ஒரு நாள் அத்தனை பெண்கள் முன்னால் வெங்கடம்மாவையே கடித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"என்னெ எதுக்குப் பாக்கற? உன் மனசத் தொட்டுப் பாரு" என்றான் அந்தப் புண்ணியவான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் இவனுக்கு உழைத்துக் கொட்டியதற்கு இந்தப் பேரா? அன்றிலிருந்து கிணற்றடியில் அவளைக் கண்டால் பேச்சு நின்றது. 'என்னா கள்ளமோ' என்று கண்ணாலேயே கேட்டார்கள். நாலு பேர் எதிரில் போன பேரை நாலு பேர் எதிரில்தான் மீட்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள்.

வழி காட்டியவன் கங்கப்பன். அடுத்தவன் வரப்பை வெட்டி வெட்டியே தன் நிலத்தை வளர்த்தவன் அவன் என்பது ஊருக்கே தெரியும். அவன் வந்து தொட்டிமேல் சாய்ந்துகொண்டு வெற்றிலை மென்றான். மில்லு அவனை ஒன்றும் செய்யவில்லை!

வெங்கடம்மா அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். காலில் செருப்பு. தானியம் கிடக்கிற இடம் என்று ஊரே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். மரியாதை தெரியாத கங்கப்பனும் முதலாளியும் மட்டும்தான் செருப்போடு திரிந்தார்கள். அட, இதானா சங்கதி!

பெருமாளை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். ஆனால் அவன் வந்து சேரும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் நிறைந்திருந்த ஒரு காலையில், ஓடுகிற மிஷின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, அந்தச் செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க."

"எதுக்கு?"

"கள்ளம் இல்லாத மனசுதானே? கழட்டுங்க."

எல்லாரும் பார்க்கிறார்கள். திம்மராயன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான், தொட்டியைத் தொட்டான். அடுத்த நொடி எகிறிப் போய் ராகி மூட்டைமேல் விழுந்தான். மில்லு தன் குட்டைக் கண்டுபிடித்துவிட்டது என்றே நம்பிவிட்டான், பாவம்.

"சொல்லிடறேன்! சித்தப்பா சாவல! சினிமா பாக்கத்தான் பெங்களூரு போனேன்! சித்தப்பா நல்லாத்தான் இருக்காரு!"

மில்லே அதிரும்படி பெண்கள் சிரித்தார்கள். முனிலட்சுமி வந்து வெங்கடம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தின்னாமல் விட்ட ஒப்பட்டுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து வந்த பெருமாள், பின்னால் போய்க் கொட்டகையைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "குழி ஈரமா இருந்தாத்தான் கரண்டு மண்ணுல எறங்கும்! இதுக்குப் போயி கொடை புடிச்சிருக்கீங்களே!" பலகையைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றி, மிஷினை ஓட்டினான். டப்பென்று பியூஸ் போனது. "ஆங், இப்பத்தான் ஒழுங்கா எறங்குது" என்று மோட்டாரைப் பிரித்து, தோலுரிந்து இரும்பில் உரசிய ஒயரை மாற்றினான். "செருப்பில்லாமத் தொட்டவங்களத்தான் புடிச்சிருக்கு. கள்ளமாவது, கிள்ளமாவது!"

திம்மராயன் மூட்டைமேல் உட்கார்ந்தபடி மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் சொல்லியிருக்கவே வேண்டாமா?"



அதற்குப் பிறகு மில்லு யாரையும் கடிக்கவில்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை திம்மராயனுடையது ஆனது. தினமும் காலையில் ரெண்டு குடம் சுமந்து வரச்சொல்லி வெங்கடம்மா வாசலில் நிற்பாள்.

"ஒரு கொடம் போதும்னு பெருமாள் சொன்னானே?" என்று ஒருநாள் மூச்சு வாங்கக் கேட்டான்.

"ஒண்ணு மில்லுக்குங்க" என்றாள் வெங்கடம்மா. "இன்னொண்ணு செத்துப்போன உங்க சித்தப்பாவுக்கு."