திராட்சைத் தோட்டத்து ராஜா

“இனிமே நம்ம மண்ணு ஒரு பிடிகூட வெளிநாட்டான் பேருக்குப் போகாது, இஸ்க்ரா. அரசியல் சாசனத்துலயே எழுதிட்டோம்!”

“ரொம்ப சந்தோஷம். எங்கப்பாவோட திராட்சைத் தோட்டம் திரும்பக் கிடைக்குமா, அதைச் சொல்லு.”

“கிடைக்கும். ஆபீஸ் ஆபீஸா நான் அலையறேன். நீ ஒரு பவர் பத்திரம் எழுதிக் குடு, போதும்.”

பதினான்கு வருடங்களுக்கு முன், தலைநகர் சோஃபியாவில் எம்.பி.யாகச் சாசனத்துக்குக் கைதூக்கிவிட்டுப் புதுக்கோட்டோடு வந்து நின்ற கணவன் வெலிச்கோவைப் பார்த்து இஸ்க்ராவுக்குக் கண் கலங்கிப்போனது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுப்பண்ணை விழுங்கியிருந்த தோட்டம் அவள் பெயருக்குத் திரும்பியது உண்மைதான். பவர் பத்திரம்தான் திரும்பவில்லை. அதைக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், “புருஷனை நம்பலையா?” என்ற முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டு ஆளுக்குத்தான் தடை. உள்ளூரில் பதிவான கம்பெனிக்கு இல்லை. பூட்டு போட்டவனே அந்த ஓட்டையில் கடை விரித்தான். வெளிநாட்டார் நிலம் வாங்க அவன் பதிந்து கொடுத்த நாற்பத்தொரு கம்பெனிகள் அவள் வீட்டு முகவரியில் குடியிருந்தன. ஒன்றாவது ஒரு தட்டைக் கழுவியதில்லை.

இன்று பிப்ரவரி மாதத்துக் கொடி வெட்டும் திருநாள். ஊரே தோட்டத்தில் கூடி, கொடி வளையம் சூட்டி வெலிச்கோவை இவ்வருட ராஜாவாக்கியது. ராஜா கத்தரியை எடுத்து, காய்க்க வேண்டிய கொடிகளையெல்லாம் அடியோடு நறுக்கினார்.

“அட கடவுளே!” என்று பக்கத்துத் தோட்டத்து தோன்கா தலையில் அடித்துக்கொண்டாள். “சட்டம் எழுதின கைன்னு பார்த்தவுடனே தெரியுதே!”

“போனா போகட்டும் அக்கா. மே மாசம் இங்க டச்சுக்காரரோட நீச்சல் குளம் வருது” என்றான் வெலிச்கோ.

வழக்கப்படி வெட்டிய கொடியில் ஊற்ற ஒயின் குடத்தோடு வந்த இஸ்க்ரா நின்றுவிட்டாள். “யார் பேர்ல?”

“கம்பெனி பேர்லதான். பயப்படாதே, சாசனத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.”

“அதானே! சாசனத்துக்கு வலிச்சா உனக்குத் தாங்காதே. நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

“நீ எதுக்கு அலையணும்? வெள்ளிக்கிழமை பதிவு. பவர்தான் என்கிட்ட இருக்கே.” கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினான். தலையில் வளையம் கோணலாய்ச் சரிந்திருந்தது. இந்த முகத்துக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குடத்தைக் கீழே வைத்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டினாள்.

“வெலிச்கோ, அந்தப் பவர் பத்திரத்தை என்கிட்ட திருப்பிக் குடு.”