கை தூக்கக் கூடாத இடம்

எங்கள் வீட்டில் கை தூக்காமல் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. அப்பா எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். அப்பதவியிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அப்பதவிதான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. சங்கத்தில் மிஞ்சிய நீல அட்டைத் தீர்மானப் புத்தகம் ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. சன்னல் திரைக்கு எந்த நிறம் என்பது முதல், அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது என்பது வரை யாவும் அதில் எண்ணிடப்பட்டுப் பதிவாகியுள்ளன.

வாக்காளர்கள் ஐவர். அப்பா கூட்டத்தின் தலைவர். அம்மாவின் கை முதலில் தோள் உயரம் வரை மட்டுமே எழும். மற்றக் கைகளை எண்ணிப் பார்த்து, வெல்லும் பக்கம் எதுவெனத் தெளிந்த பின்னரே தலைக்கு மேலே போகும். அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அவர் எப்போதும் அப்பாவின் பக்கம். எனினும் ஒரு திருத்தமாவது சொல்லாமல் கை தூக்கியதில்லை. அண்ணி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். அவர் எதிலும் நடுநிலை. ஐந்தாவது வாக்கு என்னுடையது. நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தெட்டு ஆகப்போகிறது. வீட்டில் எனக்கு இன்னும் பாப்பா என்றே பெயர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்திலுள்ள பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராகச் செல்லும் வாய்ப்பு எனக்கு வந்தது. மேசையில் வைத்தேன். எதிர்ப்பு மூன்று, ஆதரவு ஒன்று, நடுநிலை ஒன்று. தீர்மானம் எண் 212: "பாப்பா இங்கேயே இருப்பது என முடிவு செய்யப்பட்டது." அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் அதை எழுதி, அடியில் என்னிடமே கையொப்பமும் வாங்கினார்கள்.

அந்த வாய்ப்பு சென்ற மாதம் மீண்டும் வந்தது. இம்முறை நான் யாரையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். வரும் புதன்கிழமை அங்கே சேர வேண்டும். வீட்டில் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

சொல்வதற்குரிய இடத்தை நான் மிகுந்த யோசனைக்குப் பின்னரே தேர்ந்தெடுத்திருந்தேன். நகரத்துக்கு வெளியே ஓர் ஏரி உண்டு. மாதம் ஒருமுறை அங்கே படகில் சென்று நீர் மாதிரி எடுப்பது என் வேலை. படகு குறுகலானது, ஆதலால் ஏறி அமர்ந்தவர்கள் இரண்டு கைகளாலும் ஓரக் கயிற்றைப் பற்றியிருக்க வேண்டும், எழக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். எங்கள் குடும்பம் அரை மணி நேரம் கை தூக்க இயலாமல் இருக்கக் கூடிய இடம் இவ்வுலகில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் என் பிறந்தநாளை அங்கே கொண்டாடலாம் என்று முன்மொழிந்தேன். ஆதரவு நான்கு.

"பிறந்தநாளுக்குக்கூடவா அண்ணி நடுநிலை?"

"பழக்கமாயிடுச்சு பாப்பா. தப்பா எடுத்துக்காத."

கடைசிப் படகு நாலரை மணிக்கு. பயணம் ஒரு மணி நேரம். இரண்டு மணிக்குப் புறப்பட்டால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம் என்று நான் கணக்கிட்டது, எங்களைப் போன்ற குடும்பம் இல்லாதவர்களுக்குப் பொருந்தும் கணக்கு.

சென்றது அண்ணனுடைய பயிற்சி வண்டியில். அதன் கூரைமேல் பள்ளியின் பலகை இருக்கும்; ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும்.

"பிறந்தநாள்காரியே ஓட்டட்டும். ஒரு மரியாதையா இருக்கும்," என்றார் அண்ணன். அதையும் வாக்குக்கு விட்டார்கள். நான் தோற்றேன்.

"கண்ணாடியப் பாரு."

"பாத்துட்டேன்."

"எந்தக் கண்ணாடிய?"

"மூணையும்ண்ணா. பதினாலு வருஷமா லைசன்ஸ் வச்சிருக்கேன்."

"லைசன்ஸ் எல்லார்கிட்டயும்தான் இருக்கு பாப்பா. பிரேக் என்கிட்ட இருக்கு."

அவ்வாறு சொல்லிக்கொண்டே, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த சந்திப்பில் அதை மிதித்தார். பின்னால் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் அலறின. பின்னிருக்கையில் அம்மாவின் மடியிலிருந்த அட்டைப்பெட்டி முன்னால் பாய்ந்து, அப்பாவின் முழங்காலில் மோதி நின்றது.

"டேய், கேக்கு பூரா மூடியில ஒட்டிக்கிச்சுடா!" என்றார் அம்மா.

"பச்சை எப்ப வேணா மஞ்சள் ஆகும்மா. முன்கூட்டியே யோசிக்கணும்," என்றார் அண்ணன்.

குளிர்சாதனமா, திறந்த சன்னலா என்று ஒரு வாக்கெடுப்பு. பாலத்து வழியா, சந்தை வழியா என்று மற்றொன்று. சந்தை வழி வென்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குள் முப்பது நிமிடம் ஊர்ந்தோம். அங்கே மெழுகுவர்த்தி வாங்க மறந்தது அம்மாவுக்கு நினைவு வந்தது. கடையில் எண் வடிவ மெழுகுவர்த்திகளில் மூன்று இருந்தது, எட்டு இல்லை. ஆறு இருந்தது.

"முப்பத்தாறுன்னே வச்சுக்கலாம். யாரு வந்து கேக்கப் போறா?" என்று அப்பா அங்கேயே வாக்கெடுப்பு நடத்தினார். மூன்றுக்கு ஒன்று.

"வயசக்கூட ஓட்டுப் போட்டுக் குறைக்கலாம்னு தெரியாமப் போச்சே, மாமா. முன்னாடியே எனக்கும் போட்டிருக்கலாம்," என்றார் நடுநிலை வகித்த அண்ணி. அப்பா சிரிக்காமல் குறித்துக்கொண்டார். தீர்மானம் எண் 341.

ஏரிக்கரையை அடைந்தபோது மணி நான்கு இருபது. வண்டியை மர நிழலில் நிறுத்துவதா, வாயிலுக்கு அருகில் நிறுத்துவதா என்று விவாதம் தொடங்கியது. நிழலில் பறவை எச்சம் விழும் என்று அண்ணன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நான் வண்டியை நின்ற இடத்திலேயே அணைத்துவிட்டு இறங்கி, விறுவிறுவென்று நடந்து போய், ஐந்து பேருக்கும் படகுச் சீட்டு வாங்கினேன்.

படகோட்டும் அம்மாள் கழுத்தில் விசில் தொங்க, இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லேப் மேடமா! ஞாயித்துக்கெழமையும் தண்ணி பிடிக்க வந்துட்டீங்களா?"

"இல்லம்மா, வீட்டு ஆளுங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன். அஞ்சு பேரு."

"அப்ப சீக்கிரம் ஓடி வரச் சொல்லுங்க. இதுதான் கடைசி."

அவர்கள் ஓடி வந்தார்கள். அப்பா மூச்சிரைக்க என் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். "ஓட்டெடுக்காமலே வாங்கிட்டியா?"

"ஆமாம்பா," என்றேன். அவ்வளவு எளிய சொல்லை அவரிடம் அதற்கு முன் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

படகு கிளம்பியது. அப்பாவும் அண்ணனும் ஒரு பக்கம். அம்மாவும் அண்ணியும் நானும் மறுபக்கம். கேக் பெட்டியும் தீர்மானப் புத்தகம் வைத்த பையும் நடுவில். பத்துக் கைகளும் கயிற்றில் இருந்தன. ஏரியின் நடுவே சிவப்பு மிதவை ஒன்று உண்டு. நான் வழக்கமாக மாதிரி எடுக்கும் இடம் அது. அதைத் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். மிதவை நெருங்கியது. வாயைத் திறந்தேன்.

"பாப்பா, உனக்கு ஒரு பரிசு இருக்கு," என்று அப்பா முந்திக்கொண்டார். "நீ வேலைக்குப் போயிருந்தப்ப ஒரு கூட்டம் போட்டோம்."

"நான் இல்லாமலா?"

"கோரம் இருந்துச்சு, அஞ்சுக்கு நாலு பேரு. நம்ம பால்கனிய அடைச்சு உனக்குத் தனியா ஒரு ரூம். மேசை, அலமாரி, பெரிய சன்னல். நாளைக்குக் காலைல தச்சர் வர்றாரு."

"ரெண்டு பிளக் பாயிண்ட் நான் சொன்ன திருத்தம்," என்றார் அண்ணன்.

"ஒருமனதா நிறைவேறிச்சு பாப்பா," என்று அப்பா பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "உங்க அண்ணியே கை தூக்கினா, பாத்துக்க."

அண்ணி வெட்கத்தோடு தண்ணீரைப் பார்த்தார். எனக்கு நெகிழ்ச்சி வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. பத்து ஆண்டுகளாக அந்தப் பால்கனியைக் கேட்டு நான் கை தூக்கியிருக்கிறேன். எங்கள் குடும்ப வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம், நான் கையெழுத்திட்ட பிறகு வந்து சேர்ந்திருக்கிறது.

"ரூம் வேணாம்பா. அந்த லேப் வேலைக்கு நான் போறேன். வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். வர்ற புதன்கிழமை சேரணும்."

அப்பாவின் பார்வை தீர்மானப் புத்தகம் இருந்த பைக்குப் போனது.

"இது அஜெண்டாவுலயே இல்லயே," என்றார் அப்பா.

"அப்ப இருநூத்திப் பன்னெண்டு என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"அது மூணு வருஷம் பழசு."

"ரத்து பண்ணாத வரைக்கும் அமல்லதான் இருக்கு," என்ற அப்பா நிமிர்ந்து அமர்ந்தார். "சரி, ஓட்டுக்கு விட்டுருவோம். எதிர்க்கிறவங்க..."

அவருடைய கை மேலே போனது. அண்ணனுடைய கையும் போனது. இருவரும் ஒரே பக்கம் அமர்ந்திருந்ததாலும், இருவருமே கையோடு உடம்பையும் தூக்கும் பழக்கம் உடையவர்களாதலாலும், படகு அப்படியே அவர்கள் பக்கம் சாய்ந்தது. கேக் பெட்டி சறுக்கியது. அம்மா வீறிட்டார். விசில் காதைக் கிழித்தது.

"யோவ் பெரியவரே! கையக் கீழ போடுங்க!"

"இல்லம்மா, இது எங்க குடும்ப விஷயம்..."

"குடும்பத்தோடதான் தண்ணிக்குள்ள போவீங்க! பலகையில எழுதியிருக்குல்ல? கயித்தப் பிடிங்க!"

எழுதி வைத்த விதி என்றால் அப்பாவால் அதை மீற இயலாது. பலகையை ஒருமுறை முழுவதுமாகப் படித்தார். பிறகு மெல்லக் கையை இறக்கிக் கயிற்றைப் பற்றினார். அண்ணனுடைய வலது கால் மட்டும், படகில் இல்லாத பிரேக்கை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தது.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கை தூக்காமல் பேசுவது எப்படியென்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதை நான் அன்றுதான் கண்டேன். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் முறை கேட்டார்.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படி?"

"கேன்டீன் இருக்குப்பா."

"தண்ணி?"

"தண்ணிய டெஸ்ட் பண்றதே நான்தானேப்பா."

அண்ணி குபீரென்று சிரித்துவிட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அங்க உனக்கு யாரு பிரேக் போடுவா?" என்றார்.

"நானே போட்டுக்கறேண்ணா."

அம்மா கேக் பெட்டியைக் காலால் நிறுத்திக்கொண்டே சொன்னார்: "கட்டிலுக்குப் பின்னாடி துணியெல்லாம் அடுக்கி மறைச்சு வச்சிருக்கியே பெட்டி, அதுக்குப் பூட்டு சரியில்ல. நேத்தே குடுத்துச் சரி பண்ணி வச்சுட்டேன்."

நாங்கள் நால்வரும் அவரையே பார்த்தோம்.

"தெரிஞ்சுக்கிட்டேவாம்மா பால்கனிக்குக் கை தூக்குனீங்க?"

"எல்லாரும் தூக்குனாங்களே," என்றார் அம்மா.

கரை ஏறியதும் ஒரு சிமெண்ட் இருக்கையில் கேக்கை வைத்தோம். மூடியிலிருந்து கரண்டியால் சுரண்டி எடுத்த அதன் மேல் முப்பத்தாறு எரிந்தது. இப்போது எல்லாருடைய கைகளும் விடுதலையாகியிருந்தன. அப்பா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றுக்கு ஒன்று ஆனாலும் சரி, நான்குக்கு ஒன்று ஆனாலும் சரி, போவது போவதுதான் என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தை உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா தீர்மானங்களின் பக்கத்தைத் திறக்கவில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே 'தகவலுக்காக' என்றொரு தலைப்பு உண்டு. குடிநீர் வராத நாள், மின்தடை நேரம் என எங்கள் விருப்பத்தைக் கேட்காமல் வந்து சேரும் செய்திகளை அவர் அதில்தான் எழுதுவார். அவற்றுக்கு வாக்கெடுப்புக் கிடையாது. "பாப்பா புதன்கிழமை பணியில் சேர்கிறார்" என்று நிதானமாக எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். என்னிடம் கையொப்பம் கேட்கவில்லை.

நான் மகிழ்ந்திருக்கலாம். அதற்கு அவர்கள் அவகாசம் கொடுக்கவில்லை. அம்மாவின் கை மேலே எழுந்தது. தோளில் நிற்காமல், யாரையும் எண்ணாமல், நேரே தலைக்கு மேலே போனது.

"இவளக் கொண்டுபோய் விட நாம எல்லாருமே போறோம்," என்றார்.

"அம்மா, நான் ரயில் டிக்கெட் எடுத்தாச்சு!"

அப்பாவின் கை எழுந்தது. "ஒரு திருத்தம்," என்றபடி அண்ணனுடைய கை எழுந்தது. "நம்ம வண்டியிலயே போறோம்." அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்க பாப்பா. நானும் ஊர் பாத்து ரொம்ப நாளாச்சு," என்று சொல்லி அவரும் தூக்கினார்.

ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் எண் 342. அந்த நகரத்துக்குச் சாலை வழியே ஒன்பது மணி நேரம்.

"யாரு ஓட்டுறது?" என்று அண்ணன் கேட்டார். நால்வரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.