இருபது மூச்சு சாம்பியன்

இருபத்தொரு முறை டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிக்கொண்ட வகையில் சாம்பியன் வைத்திருந்த பாக்கி நாலாயிரத்து அறுநூற்று இருபது. சாம்பியன் என்பது ஸ்ட்ரிங் கட்டுபவர் வைத்த பட்டம். பையன் இதுவரை முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை.

"இன்னிக்கு ஜெயிச்சதும் மொத்தமா கொடுத்துடறேண்ணே. மனசை உறுதியாக்க புது கோச் வெச்சிருக்கேன். ஒவ்வொரு சர்வுக்கு முன்னாடியும் கண்ணை மூடி இருபது மூச்சு விடணுமாம்."

கடைசி செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று பையன்தான் முன்னிலை. பணம் வந்த மாதிரிதான் என்று ஸ்ட்ரிங் கட்டுபவர் வேலிக்கு வெளியே நிமிர்ந்து நின்றார். பையன் கண்ணை மூடினான். மூச்சு விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான். நேரம் கடந்துவிட்டதென்று நடுவர் எச்சரித்தார். அடுத்தடுத்த முறைகளில் முதல் சர்வையே பறித்தார். பையன் அசரவில்லை. ஒரு மூச்சும் குறைக்காமல், அதே நிதானத்தோடு ஆட்டத்தைத் தோற்றான். கைகொடுத்து முடித்த பிறகுதான் ராக்கெட்டை உடைத்தான்.

கோச் பூரித்துப்போனார். "பார்த்தீங்களா, மேட்ச் முடியற வரைக்கும் கோபமே வரலை!"

"அண்ணே, கோச் ஃபீஸ் போக கையில ஒண்ணுமில்லை..." என்று இழுத்தபடி, பையன் உடையாமல் மிச்சமிருந்த இன்னொரு ராக்கெட்டை ஸ்ட்ரிங் கட்ட நீட்டினான்.

ஸ்ட்ரிங் கட்டுபவர் நோட்டில் அவன் பக்கத்தைக் கிழித்தார்.

"பாக்கி தள்ளுபடி தம்பி. இனிமே இதையும் கோச்சையே கட்டச் சொல்லு. எனக்கு அவ்வளவு மனஉறுதி இல்லை."