அளவோடு மூச்சு விடவும்

படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்து, அம்மாவுக்கு இழுப்பு வந்து மூன்று வாரமாயிற்று. பார்க்க வந்த வீட்டுக்காரர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஓர் ஈரப்பத மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்பத்து நாலு.

"நாலு பேரு விடுற மூச்சு இது. சனிக்கிழமைக்குள்ள அறுபதுக்குக் கீழ இறங்கணும். இல்லன்னா காலி பண்ணிடுங்க."

"மூச்சு விடாம எப்படி சார் இருக்கறது?" என்றாள் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

"விடவே வேண்டாம்னா சொன்னேன்? அளவா விடுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். முப்பது வருடம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர்; எண் காட்டும் எந்த இயந்திரமும் அவருக்குத் தெய்வம்.

வீட்டுக்காரர் மீட்டரை விட்டுவிட்டுப் போனதும் அப்பா அன்றே முறை வைத்துவிட்டார். இரண்டு பேர் வீட்டுக்குள், இரண்டு பேர் மாடிப்படியில். உலை கொதிக்கக் கூடாது. தம்பி வாயைத் திறந்தால், "கொட்டாவியா? வெளிய போய் விடுடா!" அம்மா மூக்கை உறிஞ்சினால், "அழாத, ரெண்டு பாயின்ட் ஏறும்."

எண் இறங்கவில்லை. அம்மாவின் இழுப்புதான் ஏறியது.

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தபோது நாலு பேரும் படிக்கட்டில் இருந்தார்கள். அவர் மட்டும் உள்ளே போனார். எண்பத்தைந்து.

"உள்ள இருக்கறது நீங்க ஒருத்தர்தான் சார்," என்றாள் மகள். "கொஞ்சம் வெளிய வாங்க."

மனுஷன் வந்துவிட்டார்! ஐந்து பேரும் ஜன்னல் வழியாக ஆளில்லாத வீட்டின் மீட்டரை எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிடம். எண் அசையவே இல்லை.

"பழைய மூச்சு," என்றார் வீட்டுக்காரர். "சுவரு குடிச்சு வச்சிருக்கு."

"இருக்கும், இருக்கும்," என்றார் அப்பா.

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

மகள் படிக்கட்டடியில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்காரர் பதறிப் பின்னால் ஓடினார். பூஞ்சைக்கு நடுவில் நாலே அடி. காரை பெயர்ந்து விழ, உள்ளே துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்த குளியலறைக் குழாய் அவர் சட்டைமேல் பீய்ச்சி அடித்தது.

"ஐயோ, என் சுவரு!"

"உங்க சுவரு, உங்க குழாய், உங்க தண்ணி. இதுல எங்க மூச்சு எங்க சார் இருக்கு?"

அவர் முகத்தைத் துடைத்தபடி குழாய்க்காரருக்கு போன் போட்டார். காலி பண்ணும் பேச்சு அவர் வாயில் வரவில்லை.

வாசல்படியில் நின்ற அம்மா மெல்லக் கேட்டாள்: "இப்ப நான் உள்ள வந்து மூச்சு விடலாங்களா?"

கேட்டது வீட்டுக்காரரிடம். மகள் சுத்தியலை இன்னும் கீழே வைக்கவில்லை.